திங்கட்கிழமை ஆபீசுக்குப் போக வேண்டிய வண்டியில் ரேஸ் ஓட்டலாமா?

அல்சூர் ஸ்விஃப்ட் | ஞாயிறு இரவு 11.20

வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு இப்போதுதான் மாடி ஏறினேன். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. காதில் இன்னும் டயர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மறப்பதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெங்களூர் கார் கிளப்பிலிருந்து, சென்னைப் பக்கம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு ஒன்பது வண்டி போனோம். மூன்று போலோ, ஒரு பழைய ஃபியஸ்டா, இரண்டு ஆக்டேவியா, ஒரு பிஎம்டபிள்யூ, ஒரு போர்ஷே கேமன், அப்புறம் என்னுடைய 2016 ஸ்விஃப்ட். 1.2 பெட்ரோல், 84 குதிரைத்திறன், ஓடியது 92,000 கிலோமீட்டர். அல்சூரிலிருந்து தினமும் எலெக்ட்ரானிக் சிட்டி போய்வரும் அதே வண்டி. பின் சீட்டில் மகளுடைய சைல்டு சீட் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கழற்றி ஹாலில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூரில் பிரியாணி, வேலூர். இருங்காட்டுக்கோட்டைக்கு 300 கிலோமீட்டர் சொச்சம். ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜ். சனி காலை ஆறரைக்கெல்லாம் பேடக்கில், அதாவது வண்டிகளை நிறுத்தித் தயார்செய்யும் இடத்தில், நிற்கிறோம். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டில் இருந்த சின்னப் பிள்ளையார் எல்லாவற்றையும் இறக்கி வைக்கச் சொன்னார்கள். பிறகு ஸ்க்ரூட்டினி. பேட்டரி ஆடுகிறதா, எங்காவது ஆயில் ஒழுகுகிறதா, வீல் நட் டைட்டா, பிரேக் லைட் எரிகிறதா, இழுக்கும் கொக்கி மாட்டியிருக்கிறதா. ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த ஸ்டிக்கரை இன்னும் எடுக்கவில்லை.

டிராக் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். யூடியூபில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். நேரில் உள்ளே போனதும் ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. ரோட்டில் நமக்குக் கணக்கு வைக்க எத்தனையோ இருக்கும்: மரம், கடை, டிவைடர், முன்னால் போகும் லாரி. இங்கே கறுப்புத் தாரும் இரண்டு பக்கமும் புல்லும்தான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் முதல் நாள் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "பானெட்டைப் பார்க்காதீங்க. வளைவு எங்கே முடியுதோ அங்கே பாருங்க. கண்ணு போற இடத்துக்குத்தான் கை போகும்." சனிக்கிழமை காலையில் என் சுற்று 2 நிமிடம் 44 விநாடி. மாலையில் 2.33. வண்டியில் ஒரு நட்டைக்கூட மாற்றவில்லை, என் பார்வை மட்டும்தான் மாறியிருந்தது. இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன், அதுவரை நான் ஓட்டியது பாதிதான் என்று அந்தச் சாயங்காலம் தோன்றியது.

ஞாயிறு இரண்டாவது செஷனில் 2.31 ஓட்டினேன். அதற்கு அடுத்த இரண்டாவது சுற்றில், மெயின் ஸ்ட்ரெயிட் முடிவில், 140-க்குப் பக்கத்தில், முதல் வளைவான சி1-க்கு முன் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி கீழே போய்விட்டது.

கீழே என்றால் தரை வரைக்கும். இரண்டு தடவை பம்ப் பண்ணினேன், கொஞ்சம் பிடித்தது. நான்காவதிலிருந்து மூன்றாவது, இரண்டாவது என்று கியரை இறக்கினேன், எஞ்சின் அலறியது. வளைவை எடுக்க முயலவில்லை, நேராக மண்ணுக்குள் விட்டேன். புழுதி அடங்கினபோது தடுப்பிலிருந்து ஒரு இருபது அடியில் நின்றுகொண்டிருந்தேன். வண்டிக்குக் கீறல்கூட இல்லை. கை மட்டும் பத்து நிமிடம் நிற்காமல் ஆடியது.

பேடக்கில் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தால் டீ டிக்காஷன் நிறம். மூன்று வாரம் முன்புதான் ஒரு கடையில் மாற்றச் சொல்லிக் காசும் கொடுத்திருந்தேன், பில்லும் இருக்கிறது. மாற்றவே இல்லை. நானும் திறந்து பார்க்கவில்லை. கிளப் நண்பர் ஒருவர் தன்னிடமிருந்த டாட் 4 பிரேக் ஆயில் பாட்டிலைக் கொடுத்து, நான்கு சக்கரத்திலும் பிளீட் பண்ணி, அதாவது பழைய ஆயிலை வெளியேற்றிப் புதிதை ஏற்றிக் கொடுத்தார். அந்த வண்டியிலேயேதான் 300 கிலோமீட்டர் திரும்பி வந்தேன்.

ஆம்பூர் தாண்டியதிலிருந்து ஒரே கேள்விதான் மண்டைக்குள். ஞாயிறு ரேஸ், திங்கள் ஆபீஸ், செவ்வாய் மகளுக்கு ஸ்கூல். இதெல்லாம் ஒரே வண்டியில் சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். மறுபடி போகணும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

ஜேசி ரோடு பிள்ளை | திங்கள் காலை 7.05

தம்பி, முதல்ல நீங்க முழுசா வீடு வந்து சேர்ந்ததுக்கு மாரியம்மனுக்கு நன்றி.

பிரேக் ஆயில் விஷயத்தை எல்லாரும் ஒரு தடவை ஒழுங்கா புரிஞ்சுக்கணும். அது காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. அதுலேயே 3.7 சதவீதம் தண்ணி கலந்தா 155-லயே கொதிக்கும். அதுதான் ஸ்டாண்டர்டு, டப்பா மேலயே போட்டிருக்கும். கொதிச்சா ஆவி வரும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்க மிதிச்ச மிதி சக்கரத்துக்குப் போகல, அந்த ஆவியை நசுக்கறதுலயே தீர்ந்துபோச்சு. அதான் பஞ்சு மாதிரி இருந்தது.

ஊருக்குள்ள ஏன் இது தெரியல? சில்க் போர்டு சிக்னல்ல 60-ல வந்து நிக்கிறீங்கன்னு வைங்க. டிராக்ல 140-லேருந்து 70-க்கு இறங்கறீங்க. வேகத்தோட வர்க்கத்துலதான் சூடு ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்க, அந்த ஒரே ஒரு பிரேக்ல சிக்னல்ல நிக்கறதைப்போல நாலு மடங்கு சூடு. அதுவும் ஒரு சுத்துல எத்தனை தடவை! ஆற நேரமே கிடையாது.

இதை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கோங்க. டிராக்குக்குப் போற வாரத்துல ஆயிலை நீங்க பக்கத்துல நின்னு மாத்துங்க. பழசு வெளிய வர்றதைக் கண்ணால பாருங்க. பிரேக் பேட் பாதிக்கு மேல தேஞ்சிருந்தா போகாதீங்க. கடைசி சுத்தை மெதுவா, முடிஞ்சவரைக்கும் பிரேக்கே தொடாம ஓட்டி ஆத்துங்க. வந்து நிறுத்தினதும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீங்க, கியர்ல விட்டுட்டு சக்கரத்துக்கு அடியில கட்டை வைங்க. சூடான டிரம்மும் டிஸ்க்கும் அப்படியே கோணிக்கும்.

உங்ககிட்ட காசு வாங்கிட்டு வேலை செய்யாத கடையைப் பத்தி என்ன சொல்றது. எங்க தொழிலுக்கே அது அவமானம். முப்பது வருஷமா இந்த ரோட்டுல கை அழுக்காக்கிட்டு இருக்கேன், படிக்கும்போது வயிறு எரிஞ்சது.

கோலார் தங்கம் | திங்கள் காலை 10.40

நான் நேராகவே சொல்கிறேன். கூடாது.

உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, "எதற்குப் பயன்படுத்தலாம்" என்ற பகுதியைப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் இவற்றுக்கெல்லாம் காப்பீடு இல்லை என்று எழுதியிருக்கும். எந்தக் கம்பெனி பாலிசியாக இருந்தாலும் இது இருக்கும். தடுப்புக்கு முன் மிச்சமிருந்த அந்த இருபது அடி இல்லாமல் போயிருந்தால் உங்களுக்கு ஒரு பைசா வந்திருக்காது.

எனக்கு வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன், இதே மாதிரி ஒரு வாரக்கடைசி. என் வண்டி, கடன் பாதிகூட முடியாத வண்டி. லேசாகத் தூறல். வளைவுக்கு நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். பின்பக்கம் விலகிச் சுழன்று சுவரில் அடித்தது. எனக்குத் தோள்பட்டையில் எலும்பு விரிசல். வண்டி முடிந்துபோனது. அதற்கப்புறம் பத்தொன்பது மாதம், இல்லாத வண்டிக்கு மாதாமாதம் தவணை கட்டினேன். ஐந்தாம் தேதி பேங்க் மெசேஜ் வரும்போதெல்லாம் என் மனைவி எதுவும் பேசமாட்டாள். அந்தப் பேசாத நாட்கள்தான் எனக்கு இன்னமும் வலிக்கிறது.

ரேஸ் தப்பில்லை. எனக்கும் உயிர்தான் அது. இழந்தால் குடும்பம் ஆட்டம் காணும் வண்டியில் ஓட்டாதீர்கள் என்கிறேன்.

கம்மனஹள்ளி கேமன் | திங்கள் மதியம் 1.15

அல்சூர், உங்கள் பின்னால் வந்த கேமன் என்னுடையதுதான். ஞாயிறு முதல் செஷனில் உங்களை மிகவும் நெருங்கி வந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். ஸ்ட்ரெயிட்டில் நமக்குள் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் வேக வித்தியாசம் இருந்திருக்கும். கண்ணாடியில் புள்ளியாக இருக்கும் வண்டி அடுத்த வளைவில் பம்பரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் ஜன்னல் வழியாகக் கை நீட்டி வலது பக்கம் போகச் சொன்னீர்கள். முதல் தடவை வருபவர்களில் அந்த நிதானம் அபூர்வம்.

கோலார் சொல்வதோடு எனக்கு முக்கால்வாசி சம்மதம். அதனால்தான் என் வண்டி டிரக்கில் ஏறி வந்தது. ஆனால் எல்லோரும் டிரக் வைத்துக்கொண்டு வந்தால் இந்த விளையாட்டு பத்துப் பேருக்கு மட்டும்தான் என்று ஆகிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் கற்றுக்கொண்டதும் அப்பாவின் மாருதி ஜென்னில்தான்.

பெங்களூரில் எத்தனை கிளப், எத்தனை வண்டி! ஆனால் கார் ஓட்டிப் பழக இங்கே இருங்காட்டுக்கோட்டை மாதிரி ஒரு பெரிய சர்க்யூட் கிடையாது. கோ-கார்ட் என்ற சின்ன வண்டி ஓட்டலாம். அதற்கு மேல் என்றால் நாம் பெரும்பாலும் போவது இருங்காட்டுக்கோட்டை, இல்லாவிட்டால் கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே. கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட் 5 கிலோமீட்டருக்கு மேல், 2011-லிருந்து 2013 வரை ஃபார்முலா ஒன் நடந்த இடம், ஆனால் நமக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரம். ஆக, எந்த டிராக்குக்குப் போனாலும் நமக்கு ஒரு பயணம் இருக்கிறது, திரும்பி வரவும் வேண்டியிருக்கிறது. சென்னைக்காரர்கள் வண்டி கெட்டால் ஓலா பிடித்து வீட்டுக்குப் போகலாம். பெங்களூர்க்காரனின் பிரச்சினை வேறு.

சோழவரம் பார்த்தவன் | திங்கள் மாலை 5.50

பிள்ளைகளே, எனக்கு வயது எழுபத்திரண்டு. காக்ஸ் டவுனில் இருக்கிறேன். ஓட்டுவதெல்லாம் நின்றுவிட்டது, படிப்பதோடு சரி.

இந்தக் கேள்வி புதிதில்லை. அந்தக் காலத்தில் சென்னைக்குப் பக்கத்துச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடக்கும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது, அவர்கள்தான் நடத்துவார்கள். ஓரத்தில் வைக்கோல் கட்டு, அதற்குப் பின்னால் ஜனம். என் சித்தப்பா தன் ஃபியட் 1100-ஐ இங்கிருந்தே ஓட்டிக்கொண்டு போவார். நானும் கூடப் போவேன். அங்கே போனதும் பின் சீட், வீல் கப், பம்பர் எல்லாவற்றையும் கழற்றி ஒரு புளியமரத்தடியில் துணி விரித்து வைப்போம். அதற்குக் காவல் நான். ரேஸ் முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பி மாட்டிக்கொண்டு அதே ராத்திரி ஊர் திரும்புவோம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தவர்களும் அப்படித்தான். எங்களுக்கெல்லாம் வேறு வண்டி ஏது?

அதே ஓடுதளத்தில் பணக்காரர்களின் வெளிநாட்டு வண்டியும் ஓடும். நம்ம ஊர் மல்லையா, என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார். அந்தச் சத்தம் கேட்ட திசையில் ஜனம் அப்படியே திரும்பியது. ஆனால் சித்தப்பாவின் ஃபியட் கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்தபோதும் எங்கள் தெருக்காரர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அதை நான் மறக்கமாட்டேன்.

அப்புறம் கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்று சின்ன ஒற்றையாள் கார்களைக் கட்டினார். சாதாரண வீட்டுப் பையனும் ரேஸ் காரில் உட்கார வழி செய்தவர் அவர். 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிப்பாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான். அதே கோயம்புத்தூரிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்கே போனார்.

தம்பி கோலார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சித்தப்பா ஒரு தடவை கிளட்ச் போய், வாலாஜாவில் இரண்டு நாள் கிடந்தார். வேலையில் மெமோ கொடுத்தார்கள். ஆனாலும் அடுத்த வருடம் போனார்.

கொடி பிடிப்பவன் | செவ்வாய் அதிகாலை 12.30

நான் இருங்காட்டுக்கோட்டையில் மார்ஷலாக நிற்பவன். வாரநாளில் வங்கி வேலை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டி மண்ணில் நின்றபோது மஞ்சள் கொடி காட்டியவர்களில் நானும் ஒருவன். இந்த இழையில் எல்லோரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் நிற்கும் இடத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

நீங்கள் நின்ற பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தீர்கள். நாங்கள் இரட்டை மஞ்சளை ஆட்டினோம். ஒரு மஞ்சள் ஆடினால் வேகத்தைக் குறை, முந்தாதே, திரும்பத் தயாராக இரு என்று பொருள். இரண்டு ஆடினால் நிற்கவும் தயாராக இரு, டிராக்கிலோ ஓரத்திலோ ஆள் இருக்கிறான் என்று பொருள். உங்கள் வண்டியை நோக்கி ஓடியவன் என்னோடு வந்த பையன், இருபத்திரண்டு வயது, பாலிடெக்னிக் முடித்தவன். அவன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வண்டி, எந்த வண்டி என்று சொல்லமாட்டேன், இன்னொன்றை முந்திக்கொண்டு வந்தது. அந்தப் பையனுக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் இரண்டு ஆள் நீளம்கூட இல்லை. அடுத்த நொடியே சிவப்புக் கொடி போட்டு செஷனை நிறுத்தினார்கள்.

ஓட்டியவர் கெட்டவர் இல்லை. கொடியை அவர் பார்க்கவே இல்லை. முன்னால் போன வண்டியின் பம்பரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னாரே, வளைவு முடியும் இடத்தைப் பார் என்று, அதோடு மார்ஷல் போஸ்ட்டையும் பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் சுற்றிலேயே எந்தெந்த இடத்தில் நாங்கள் நிற்கிறோம் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் பிரேக் பிடிப்பது என்பதெல்லாம் அப்புறம்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இது. சொந்த வண்டியில் வருபவர்கள்தான் பெரும்பாலும் எங்களுக்கு நிம்மதி. வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற நினைப்பு அவர்கள் காலில் இருக்கும். டிரக்கில் ஏற்றி வருபவர்களில் சிலருக்கு அந்த நினைப்பு கழன்றுவிடுகிறது. கேமன் சார், உங்களைச் சொல்லவில்லை.

அல்சூர், அடுத்த மாதம் ஒரு வாரக்கடைசி நிகழ்ச்சி இருக்கிறது. ஓட்ட வேண்டாம். வந்து என்னோடு நில்லுங்கள். அனுமதி வாங்கித் தருகிறேன்.

பானஸ்வாடி போலோ | செவ்வாய் காலை 9.10

கொடி அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு ஆபீஸ் கேப்பில் அழுதுவிட்டேன். அந்தத் தம்பி நல்லா இருக்கிறாரா என்று சொல்லுங்கள்.

நானும் அந்த ஒன்பதில் ஒருத்தி, வெள்ளைப் போலோ. எனக்கு இது நான்காவது தடவை, எல்லாமே சொந்த வண்டியில். அல்சூர் அண்ணாவுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

டயர் காற்று. காலையில் குளிர்ந்த டயரில் 32 இருந்தால் நாலு சுற்றில் 40 ஆகிவிடும். காற்று சூடானால் அழுத்தம் ஏறும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதனால் நான் உள்ளே வந்ததும் அளந்து 35-க்கு இறக்குவேன். சாயங்காலம் ஊருக்குக் கிளம்பும் முன் மறுபடி ஏற்றியே ஆக வேண்டும். டயர் குளிர்ந்தபின் 27-இல் நிற்கும், அதோடு ஹைவேயில் ஐந்து மணி நேரம் போகக்கூடாது. முதல் தடவை இதை மறந்துவிட்டு கிருஷ்ணகிரி வரை வந்தேன், டயர் ஓரமெல்லாம் அனலாய்க் கொதித்தது.

அப்புறம் நம் உடம்பு. ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் ஏசி போடாமல், ஜன்னல் திறந்து, ஹெல்மெட்டும் முழுக்கைச் சட்டையுமாக இருபது நிமிடம். வண்டிக்குப் பார்க்கும் சூடு முள்ளை நாம் நமக்குப் பார்ப்பதில்லை. மூன்றாவது செஷனில் எல்லோரும் செய்யும் தப்பு களைப்பில் வருவது. நான் மோரில் உப்பு போட்டு இரண்டு லிட்டர் கொண்டுபோவேன். ஹெல்மெட் பைக்குடையது வேண்டாம். கார் ரேஸுக்கு ஸ்னெல் எஸ்ஏ என்ற தரமுத்திரை போட்ட ஹெல்மெட்டின் உள் துணி எளிதில் தீப்பிடிக்காது, பைக் ஹெல்மெட்டுக்கு அந்தச் சோதனையே கிடையாது.

கோலார் அண்ணா, உங்கள் பத்தொன்பது மாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் "கூடாது" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், இந்த ஆசையுள்ள பையன்கள் எங்கே போகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு நந்தி ஹில்ஸ் ரோடு. ஏர்போர்ட் ரோடு. பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, அல்லது இரண்டுமோ. அது போகட்டும். அந்த ரோட்டில் கொத்தமல்லிக் கட்டை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு வரும் விவசாயி என்ன பாவம் செய்தார்? அவருக்கு மஞ்சள் கொடி காட்ட அங்கே யார் இருக்கிறார்கள்? என் தம்பியின் நண்பன் ஒருவன் அந்த ரோட்டில்தான் உயிரை விட்டான். அதனால்தான் நான் கிளப்பில் சேரும் ஒவ்வொரு பையனையும் கையைப் பிடித்து டிராக்குக்குக் கூட்டிப்போகிறேன், அவனிடம் என்ன வண்டி இருந்தாலும்.

கோலார் தங்கம் | செவ்வாய் காலை 11.25

தங்கச்சி, நந்தி ஹில்ஸ் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு பழைய மாருதி எஸ்டீமோ ஜென்னோ வாங்குங்கள். உடைந்தால் ஆளுக்குக் கால் பங்கு வலி. எஸ்டீமின் 1,300 சிசி எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இன்னமும் இருக்கிறார்கள், அந்த வண்டியில்தான் ஒரு தலைமுறையே ரேஸ் கற்றுக்கொண்டது.

ஜேசி ரோடு பிள்ளை | செவ்வாய் மதியம் 2.00

எஸ்டீம் நல்ல யோசனைதான். ஆனா எஃப்சி, அதான் தகுதிச் சான்று, இல்லாத வண்டியை ரோட்டுல ஓட்டிட்டுப் போக முடியாது, ஏத்திட்டுத்தான் போகணும். அந்த ஏத்துக்கூலியையும் கணக்குல சேருங்க. ரோல் கேஜ், அதான் உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, போட்டா அதை மறுபடி வீட்டு வண்டியா பாவிக்காதீங்க. ஹெல்மெட் இல்லாத தலை அந்தக் குழாய்ல பட்டா மண்டை பிளந்துரும். பாதி ரேஸ் வண்டி, பாதி வீட்டு வண்டின்னு ஒண்ணு கிடையாது.

கொடி பிடிப்பவன் | செவ்வாய் இரவு 10.15

பானஸ்வாடி மேடம், அந்தத் தம்பி நன்றாக இருக்கிறான். மஞ்சள் கொடியில் முந்திய அதே ஆள், அன்று சாயங்காலம் பேடக்கில் அவனைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

அல்சூர் ஸ்விஃப்ட் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு இரவு 10.45

எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதவில்லை, மன்னியுங்கள். கோலார் சார் சொன்னபடி பாலிசியை எடுத்துப் படித்தேன், மனைவியையும் படிக்கச் சொன்னேன். ராத்திரி ஒரு மணி வரை பேசினோம். வருடத்துக்கு இரண்டு தடவை, ஈரமான டிராக்கில் இறங்குவதில்லை, வண்டிக் கடன் முடியும் வரை ரேஸ் இல்லை, பயிற்சி செஷன் மட்டும். இது எங்கள் வீட்டுக்கான முடிவு. எஸ்டீம் விஷயமாகக் கம்மனஹள்ளியும் நானும் பானஸ்வாடியும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வாரம் நான் ஓட்டப் போகவில்லை. பஸ்ஸில் போய் இறங்கி, இரண்டு நாளும் கொடி அண்ணாவோடு போஸ்ட்டில் நின்றேன். கையில் கொடி கொடுக்கவில்லை, பார்க்க மட்டும்தான் அனுமதி. அந்தப் பாலிடெக்னிக் தம்பியும் இருந்தான். அவன் பெயரை இப்போது தெரிந்துகொண்டேன். மதியம் என் டப்பாவிலிருந்த எலுமிச்சைச் சாதத்தை மூன்று பேரும் சாப்பிட்டோம்.

உள்ளே உட்கார்ந்து ஓட்டும்போது 140 என்பது ஒரு எண். வெளியே நின்று பார்க்கும்போது அது காற்றாக முகத்தில் அடிக்கிறது. சி1-ஐ நோக்கி வரும் ஒவ்வொரு வண்டியும் நம் மேல்தான் வருகிறது என்று முதல் அரைமணி நேரம் உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தில் எனக்காக ஒருவன், வரும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டி ஓடியிருக்கிறான்.

மதியம் ஒரு சாம்பல் நிற ஸ்விஃப்ட் வந்தது, கேஏ பதிவெண். முதல் மூன்று சுற்று நன்றாக ஓட்டினார். நான்காவதிலிருந்து அவருடைய பிரேக் லைட் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் முன்னதாகவே எரிய ஆரம்பித்தது. பெடல் கீழே இறங்குவது அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் உள்ளே வரவில்லை. கொடி அண்ணாவிடம் சொன்னேன். அவர் ரேடியோவில் பேசினார். அடுத்த சுற்றில் அந்த வண்டியைப் பிட்டுக்குள் அழைத்தார்கள்.

செஷன் முடிந்ததும் பேடக்கில் போய்த் தேடினேன். இருபத்தைந்து வயதுப் பையன், மாரத்தஹள்ளியாம். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்திருந்தான். விடச் சொல்லி, சக்கரத்தடியில் ஒரு கல்லை வைத்தேன். ஆயில் எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். போன மாதம்தான் அண்ணா, பில் இருக்கு என்றான்.

பானெட்டைத் திறக்கச் சொன்னேன்.

ஜேசி ரோடு பிள்ளை | ஞாயிறு இரவு 11.10

என்ன நிறம்?

அல்சூர் ஸ்விஃப்ட் | ஞாயிறு இரவு 11.14

டிக்காஷன்தான், அண்ணா. அவனிடம் டாட் 4 இல்லை. நான் பையில் ஒரு பாட்டில் வைத்திருந்தேன். நாங்கள் பிளீட் பண்ணி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. அவன் வண்டியிலேயேதான் திரும்பி வந்தேன், வழியெல்லாம் எண்பதுக்கு மேல் போகவிடவில்லை. அடுத்த சனிக்கிழமை அவனை உங்கள் கடைக்கு அனுப்புகிறேன். பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.